மருந்து வேதியியலும் கெமிஸ்தமும்

கம்போங் மேடானில் குடியிருக்கும் மாணவி ஒருத்தி, ஆறாம் ஆண்டு வரை என்னிடம் தமிழ் பயின்றவள், இப்போது கூட்டரசு நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயில்கிறாள். சென்ற திங்கள் வீட்டுக்கு வந்தவள், “ஐயா, நான் என்ன படிக்கிறேன் என்று பாட்டி கேட்கிறார்கள். மெடிசினல் கெமிஸ்ட்ரியைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்றாள். ‘மருத்துவ வேதியியல்’ என்று சற்றும் எண்ணாது விடையிறுத்தேன். அது பிழையென்பது அவள் தன் பாடத்தை விளக்கிய பின்னரே புலனாயிற்று.

மருத்துவம் என்பது தொழில். மருந்து என்பது பொருள். மருத்துவமனையில் குருதியைச் சோதித்துச் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு எனக் கணக்கிடுவதும் வேதியியலே. மருத்துவ வேதியியல் என்னும் பெயர் அதற்கே பொருந்தும். மருந்தியல் என்போமாயின், உடலில் மருந்து என் செய்யும் என ஆராயும் வேறொரு துறையைக் குறித்துவிடும். மாணவி பயில்வதோ, மருந்தாகும் மூலக்கூற்றை ஆக்குவதும், அதன் ஓர் உறுப்பை மாற்றினால் குணம் எவ்வாறு மாறும் எனக் காண்பதும் ஆம். ஆதலின் ‘மருந்து வேதியியல்’ என்பதே தகும். இவற்றை ஒரே பெயரால் எழுதுவோர் இன்றும் உளர்; நானும் அவருள் ஒருவனாயிருந்தேன்.

சொல்லில் இவ்வளவு நுணுக்கம் வேண்டுமோ எனின், நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியைக் காண்க. அதன் இலை நீரிழிவுக்கு நல்லது என்பது பல நாட்டு மக்களின் நம்பிக்கை. ஜமைக்காவிலிருந்து வந்த இலையைக் கனடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் ஆராய்ந்தனர். சர்க்கரை குறையக் காணோம். குருதியின் வெள்ளணுக்கள் குறைந்தன! அவ்விலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளை அவர்கள் பிரித்தெடுத்தது 1958இல். பின்னர் அதே செடியில் வின்கிரிஸ்டினும் கிடைத்தது. இரண்டும் மிகப் பெரிய மூலக்கூறுகள். உருவில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். ஒரு நைட்ரஜன் அணுவின்மேல் முன்னதில் மெதில் தொகுதியும் பின்னதில் பார்மில் தொகுதியும் உள்ளன, வேற்றுமை அவ்வளவே. ஆயினும் முன்னது எலும்பு மச்சையை மிகுதியாக வருத்தும். பின்னது நரம்பை வருத்தும். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குப் பின்னதே பெரிதும் பயன்படுகிறது. ஓரெழுத்து மாறப் பொருள் மாறுவதை நாள்தோறும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது விளங்காததன்று.

நிற்க. வேதியியலைத் தமிழில் முழுப் பாடமாக நடத்த இயலுமோ என்னும் ஐயத்துக்கு யாழ்ப்பாணம் முன்னரே விடை தந்துளது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மறு ஆண்டே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1864 முதல் மானிப்பாயில் வகுப்புகள் தமிழிலேயே நடந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்வழி பயின்று மருத்துவராயினர். அவ்வரிசையில் வெளிவந்த வேதியியல் நூலே 1875இன் ‘கெமிஸ்தம்’. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் தமிழ் மருத்துவ நூற்பணியைக் கைவிடவில்லை.

பெயரைக் கேட்டவுடன் புலவர் நகைப்பர். ஆங்கிலச் சொல்லுக்கு அம் விகுதி சேர்த்தால் தமிழாகிவிடுமோ? எனக்கும் அப்பெயர் உவப்பன்று. முதலில் தமிழில் தேடுவது, பின் வடமொழியில் தேடுவது, இரண்டிலும் கிட்டாவிடில் ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்ப்பது என்னும் நெறி கொண்ட கிறீன், இரசாயனம் என்ற சொல்லை ஏன் விடுத்தார்? ஆயுள்வேதத்தில் அது முதுமையைத் தடுக்கும் மருந்துமுறையின் பெயர். மாணவர் காயகற்பத்தை நினைத்து மயங்குவர் என அஞ்சினார் போலும்; இஃது என் ஊகமே. ‘வேதித்தல்’ என்னும் வினை, ஓர் உலோகத்தை மற்றொன்றாக மாற்றும் பொருளில் தமிழில் வழங்கியது. அதனின்று அமைந்த வேதியியல், கெமிஸ்தத்தினும் அழகிய சொல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நகைப்பவரை ஒன்று கேட்பேன். கிறீனிடம் சொல் குறையுடையது. வகுப்பு இருந்தது, தேர்வு இருந்தது, தேறியவரிடம் மருந்து வாங்க ஊராரும் இருந்தனர். நம்மிடம் செம்மையான சொல் உண்டு, வகுப்பு எங்கே? மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. வேதியியலை மாணவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் வேதியியல் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. கலைச்சொற் பட்டியலைத் தனித்தமிழ் நோக்கில் மட்டும் சோதிக்கும் நம் திறனாய்வு, இவ்விரு துறையினரும் கூடியமர்ந்து ஒரு பத்தியேனும் எழுதினரா என்று வினவுவதில்லை. வாக்கியத்தில் வைத்து ஆளாத கலைச்சொல்லின் குறை எவர்க்கும் தெரியாது. ‘மருத்துவ வேதியியல்’ என்பதன் குறை எனக்குத் தெரிந்ததும் மாணவி வாய்திறந்து விளக்கியபோதுதானே!

அன்று அவளையே நித்தியகல்யாணியைப் பற்றிப் பாட்டிக்கு ஒரு பக்கம் எழுதப் பணித்தேன். மூன்று நாளில் எழுதி வந்தாள். ஒற்றுப்பிழை நான்கு திருத்தினேன். ‘அணு’ என்று நான் மாற்றிய ஓரிடத்தை அவள் அடித்துவிட்டு, ‘மூலக்கூறு’ என்று மீண்டும் எழுதினாள்.