மின்னி மறையும் பொறி: ஷிமிசுவின் விளக்கம் எதுவரை?

வாணவேடிக்கையில் சில பொறிகள் ஒரே சீராக எரிவதில்லை. ஒரு கணம் பளிச்சென்ற ஒளி, அடுத்த கணம் இருள், மீண்டும் ஒளி. இதனை ஸ்ட்ரோப் விளைவு என்பர். ஆய்வகத்து ஸ்ட்ரோப் விளக்கை விட்டுவிட்டு ஒளிரச் செய்வது ஒரு மின்சுற்று. ஆனால் வானிலிருந்து விழும் இந்தச் சிறு உருண்டைக்குள் மின்சுற்று ஏது? பின் அதனை ஏற்றி அணைப்பது எது?

ஒளிரும் மருந்தும் ஒளிராத மருந்தும் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருக்கும் என்று புதிதாக ஆர்வம் கொள்பவர் எண்ணக்கூடும். அது தவறு. உருண்டை முழுவதும் ஒரே கலவைதான். அந்தக் கலவைக்குள் இரண்டு வினைகள் மாறிமாறி நடக்கின்றன என்பதே ஜப்பானிய வாணவேடிக்கை அறிஞர் டகேயோ ஷிமிசு 1982இல் 'பைரோடெக்னிகா' இதழில் எழுதிய கட்டுரையின் சாரம். முதல் வினையில் மருந்தின் மேற்பரப்பு ஒளியின்றிக் கனல்கிறது. வெப்பம் சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் இரண்டாம் வினை சட்டென்று மூண்டு, ஒளி வீசி, சூடேறிய படலத்தைத் தீர்த்துவிடுகிறது. அடியிலுள்ள புதிய பரப்பு மறுபடியும் கனலத் தொடங்குகிறது.

இயற்பியல் மாணவருக்கு இது புதிதன்று. மின்தேக்கியுடன் இணைத்த நியான் விளக்கை நினைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது, குறித்த அளவை எட்டியதும் விளக்கு மின்னி, மின்தேக்கி வெறுமையாகிறது, மீண்டும் ஏறுகிறது. மெல்லச் சேர்தல், சட்டென்று தீர்தல் என்ற ஒரே நியதியே இரண்டிலும் காண்கிறோம். சிக்கலான ஒரு காட்சியை இத்தனை எளிமையாக்கியதே ஷிமிசுவின் விளக்கத்துக்குள்ள பெருமை.

ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. மின்சுற்றின் அளவுகள் யாவும் தெரிந்தால், நியான் விளக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். ஷிமிசுவின் விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வாறு கணக்கிட இயலாது. அது ஏன் மின்னுகிறது என்று சொல்கிறது. எப்போது மின்னும் என்று சொல்வதில்லை. 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 'அங்கேவாண்டே கெமி' இதழில் இப்பொருள் பற்றி எழுதியபோதும், பெரும்பாலான ஸ்ட்ரோப் கலவைகள் செய்து பார்த்தும் திருத்தியுமே கண்டறியப்பட்டவை என்றும், அடிப்படை இயக்கம் இன்னும் தெளிவாகவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் குறையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எளிய விளக்கம் ஒன்றைப் படித்தவுடன், 'புரிந்துவிட்டது, செய்து பார்க்கலாம்' என்ற துணிவு பிறக்கிறது. உலோகப் பொடியின் பருமன், மருந்தை அழுத்திய விதம், காற்றின் ஈரம் ஆகிய யாவும் எரியும் போக்கை மாற்றுகின்றன. இவ்வகைக் கலவைகளில் பயன்படும் மக்னீசியமும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் ஈரம் பட்டால் தம்முள் வினைபுரிந்து தாமே சூடேறக்கூடியவை. கணக்கிட முடியாத ஒன்றைக் கையால் கலந்து பார்ப்பவர், விடையைத் தம் விரல்களாலும் கண்களாலும் அறிய நேரிடும். நம் நாட்டில் உரிமமின்றி இதனைச் செய்வது சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் ஆர்வமுள்ள மாணவர் என்ன செய்யலாம்? அளக்கலாம். அடுத்த திருவிழாவில் இத்தகைய வாணத்தைத் தொலைவில் நின்று, நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரே பொறியைப் பின்தொடர்ந்து, இரு மின்னல்களுக்கிடையே எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா? பொறி தேயத்தேய மாறுகிறதா? மருந்தைத் தொடாமலே, ஷிமிசுவின் விளக்கம் விட்டுச்சென்ற கேள்வியின் வாசலுக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள்.