லாக் புக்கில் இரக்கம்

இரக்கமும் இப்போது எங்களுக்குப் பாடம். 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, மனப்பாங்கு, அறம், நோயாளியிடம் பேசும் முறை மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ என்ற வகுப்பு வந்தது. வகுப்பு முடிந்தால் லாக் புக்கில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன? ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் இரக்கத்தில் தேறியாயிற்று.

கேலி செய்வது எளிது. ஆனால் முதல் கேள்வியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தக்கலைப் பக்கத்து ஆச்சி ஒருவரிடம் என் வகுப்புத் தோழி ஹிஸ்டரி எடுத்தாள். வலி எங்கே, எத்தனை நாளாக, எல்லாம் ஒழுங்காகப் பதிவாயிற்று. ராத்திரி லாக் புக் எழுதும்போதுதான், “மக்ளே, ஆட்டுக்கு ஆரு வெள்ளம் வைப்பா?” என்று ஆச்சி இரண்டு தடவை கேட்டது அவளுக்கு உறைத்தது. டிஸ்சார்ஜ் கேட்டு ஆச்சி அடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான். கேஸ் ஷீட்டில் ஆட்டுக்கு இடமில்லை. லாக் புக்கில் இருந்தது.

கோளாறு இரண்டாம் கேள்வியில் தொடங்குகிறது. ‘நோயாளியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்’ என்ற வரி சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. திருத்துபவருக்காக எழுதினால் உருக்கம் தானாக ஊறும். (நானும் நன்றாகவே உருகுவேன்.)

மூன்றாவதற்கு எல்லோரும் எழுதும் பதில், ‘இனி பொறுமையாகக் கேட்பேன்’. எங்கே கேட்பது? ஓ.பி.யில் ஒருவர் எழும்புமுன் அடுத்தவர் சீட்டை நீட்டுகிறார். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜத் குழு மாணவர்களின் பரிவை வருடாவருடம் அளந்து 2009இல் முடிவை வெளியிட்டது. வார்டுக்குள் நுழையும் மூன்றாம் ஆண்டில்தான் அளவு சரிந்தது. மாணவர்களே நிரப்பிய கேள்வித்தாள் என்பதால் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் இரக்கமற்றவர்களா படிக்க வருகிறார்கள்? வந்த இடத்தில் தேய்கிறது.

தக்கலைக்கு அடுத்த நெய்யூருக்கு, 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் அதில் மலையேறிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமர்வெல் வந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தையும் அறுவை செய்ய ஒரே ஒருவர் திணறுவதையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை வேண்டாமென்று பிறகு இங்கேயே வேலைக்கு வந்து சேர்ந்தார். ‘இனி என்ன’வுக்கு அது முழுப் பதில். அதற்காக சாமர்வெல்களை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது.

மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்க்கும், 2022இல் வந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் லாக் புக்கைவிடத் தேவலை. ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பதே அதன் பலம். இரண்டாம் முறை போனால் பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடப்பது கண்ணில் படும். பஸ் நிறையப் போய் இறங்கி, ஒரு பாட்டியின் கையை ஆளுக்கொரு தடவை கட்டி பி.பி. பார்த்துவிட்டு வருவதும் நடக்கிறதுதான்.

லாக் புக்கை ஒழிக்க வேண்டாம். முதல் கேள்வி இருக்கட்டும். இரண்டாவதற்கு மார்க் வேண்டாம். மூன்றாவதை மாணவனிடம் கேட்பதோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரி சூப்பிரண்டுக்கும் அனுப்ப வேண்டும். கட்டிலருகே ஒரு ஸ்டூல், பரிசோதிக்கும்போது ஒரு மறைப்பு, டிஸ்சார்ஜ் சீட்டை வாசித்து விளக்க ஓர் ஆள். இவற்றில் எதைத் தர முடியும், எதை முடியாது என்று அவரும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.