கடைசிக் கட்டிலுக்கு முன்பே எழுந்த குழந்தை: ஒரு ஃபார்வர்டை வாசித்தல்

இன்சுலின் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு கதை பல வருஷமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீங்களும் படித்திருக்கலாம். 1922, டொராண்டோ. ஒரு பெரிய வார்டு முழுக்க மயக்கத்தில் கிடக்கும் சர்க்கரை நோய்க் குழந்தைகள். பக்கத்தில் சாவுக்காகக் காத்திருக்கும் பெற்றோர். விஞ்ஞானிகள் கட்டில் கட்டிலாகப் போய் ஊசி போடுகிறார்கள். கடைசிக் குழந்தைக்குப் போடுவதற்கு முன்பே முதல் குழந்தை கண் திறந்துவிடுகிறது.

என் தங்கை மகளுக்கு நாலு வயசு. டைப் 1 சர்க்கரை என்று சமீபத்தில்தான் தெரிந்தது. அந்த வாரமே குடும்பக் குழுவில் இந்தக் கதையை மூன்று பேர் போட்டார்கள். ஆறுதலுக்குத்தான், தப்பில்லை. ஆனால் நிதானமாகப் படித்தால் கதை மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதல் இடம், சரித்திரம். இந்த விஷயத்தில் நம்பிப் படிக்கக்கூடியது மைக்கேல் பிளிஸ் 1982-ல் எழுதிய 'தி டிஸ்கவரி ஆஃப் இன்சுலின்'. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ஸன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பெரிய பலன் இல்லை; ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததுதான் மிச்சம். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் மருந்தை இன்னும் சுத்தமாக்கிக் கொடுத்த பிறகு, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். 520 இருந்த சர்க்கரை 120-க்கு இறங்கியது. அதற்கு 24 மணி நேரம் ஆனது. மார்ச் மாதம் வெளிவந்த முதல் மருத்துவ அறிக்கையில் மொத்தமே 7 நோயாளிகள். வார்டு முழுக்கப் போட அப்போது கையில் மருந்தே கிடையாது.

"சரி, கொஞ்சம் மசாலா சேர்த்திருக்காங்க, விடுங்க" என்று சொல்லலாம். விட முடியாததற்குக் காரணம் இரண்டாவது இடம்: உடம்பு வேலை செய்யும் விதம்.

இன்சுலின் இல்லாமல் சர்க்கரை ஏறி, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து வரும் மயக்கம் நிமிஷத்தில் தெளியாது. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ், பொட்டாசியம், கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலின் என்று பல மணி நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. நிமிஷத்தில் தெளிவது இதற்கு நேர் எதிரான மயக்கம். இன்சுலின் அதிகமாகி, சர்க்கரை இறங்கி வருவது. அதற்கு மருந்து சர்க்கரை, இன்சுலின் அல்ல.

கதை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. 'குழந்தை மயங்கிக் கிடக்கிறது, இன்சுலின் போட்டதும் எழுகிறது' என்ற படம் மனசில் பதிந்துவிட்ட ஒரு தாத்தாவோ டீச்சரோ அவசரத்தில் என்ன செய்வார்? ஏற்கெனவே இன்சுலின் எடுக்கும் குழந்தை திடீரென்று மயங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை இறங்கியதை. அந்த நேரத்தில் இன்சுலின் போட்டால் உயிரே போகலாம். நினைவு இல்லாத குழந்தைக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. டாக்டர் கொடுத்துவைத்த குளுக்ககான் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நினைவு இருந்து, அளவு 70-க்குக் கீழே என்றால் உடனே இனிப்பு. 15 கிலோ குழந்தைக்குச் சுமார் 5 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பது பொதுவான கணக்கு. உங்கள் குழந்தைக்கான அளவை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடம், கதையின் முடிவு. குழந்தை கண் திறந்ததும் சுபம் போட்டுவிடுகிறார்கள். பெற்றோருக்கு வேலை ஆரம்பிப்பதே அங்கேதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது தாமதத்தோடு ஓடும் ஒரு கன்ட்ரோல் லூப். வேகமான இன்சுலின்கூட வேலையைத் தொடங்கக் கால் மணி நேரம் ஆகும். முடிக்க மூன்று, நாலு மணி நேரம். அதற்குள் குழந்தை பாதித் தோசையை வைத்துவிட்டு விளையாட ஓடிவிடும். சிறு குழந்தைக்கு அரை யூனிட் வித்தியாசமே பெரிசு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் எண் ஏறும், இறங்கும். ஒரே ஊசியில் சரியாகும் கதையை நம்பிய அம்மா, அதைத் தன் தப்பு என்றே எடுத்துக்கொள்வாள்.

நானாக இருந்தால் எலிசபெத் ஹியூஸ் கதையைத்தான் ஃபார்வர்ட் செய்வேன். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1919-ல், 11 வயதில் நோய் தெரிந்தது. அன்றைக்கு இருந்த ஒரே வழி டாக்டர் ஃபிரெடரிக் ஆலனின் பட்டினி வைத்தியம். 1922 ஆகஸ்டில் பேன்டிங்கிடம் வந்தபோது, 15 வயதை நெருங்கிய பெண்ணின் எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் கிடைத்தது. படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள். 1981-ல், 73 வயதில்தான் இறந்தாள். மொத்தம் சுமார் 42,000 ஊசிகள் என்று சொல்கிறார்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 58 வருஷம், தினம் இரண்டு என்றால் 42,340. பொருந்துகிறது.

இந்தக் கதையில் யாரும் பத்து நிமிஷத்தில் எழுந்து உட்காரவில்லை. ஆனால் ஒரு ஆயுளுக்கு என்ன ஆகும் என்பதை இது உள்ளபடி சொல்கிறது. அடுத்த முறை வார்டு கதை உங்கள் குழுவில் வந்தால், அனுப்பியவரைக் கேலி செய்ய வேண்டாம். எலிசபெத் கதையை அதன் கீழே போடுங்கள். கூடவே, மயங்கிய குழந்தைக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற அந்த நாலு வரியையும்.