இசைத்தட்டின் பாடாந்தரம்

பெரம்பலூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. மக்காச்சோள வியாபாரி. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அவரிடம் சோளத்தைப் பற்றிப் பேச முடியாது, சங்கீதம்தான் பேச்சு. சென்ற மாதம் போயிருந்தபோது, இணையத்தில் விலை கொடுத்து இறக்கிய வீணை தனம்மாளின் பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். "24 பிட், வினாடிக்கு 96,000. சாதாரணப் பதிவைவிட இரண்டு மடங்கு விலை!" என்றார். மகளுக்கு வைரத்தோடு வாங்கி வந்த தகப்பனாரின் பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது.

வாசித்தது தனம்மாளாயிற்றே, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நன்மைக்குக் காரணம் எண்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஒலியை வினாடிக்கு இத்தனை முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பதுதான் இந்த வித்தையின் ரகசியம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு வினாடிக்கு 44,100 முறை அளந்தது. ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட். வினாடிக்கு 22,050 அதிர்வு வரையில் அதில் அடங்கும். மனிதக் காது இளமையிலேயே 20,000-க்கு மேல் போகாது. என் வயதுக்காரர்களின் காதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு 24 பிட் உண்மையிலேயே உதவுகிறது. கேட்பவருக்கு? பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு, பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேலாக வித்தியாசம் தெரிகிறது, பயிற்சி பெற்ற காதுக்கு இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்பதுதான்.

சரி, அந்தக் கொஞ்சத்துக்கே விலை கொடுப்போம். ஆனால் தனம்மாளின் தட்டுகள் 1930-களில் வெளிவந்தவை. 78 சுழற்சித் தட்டுகள். வீணையின் நுட்பமான மேல் ஒலிகளில் பலவற்றை அந்தக் காலத்து மைக்கும் மெழுகும் வாங்கிக்கொள்ளவே இல்லை. வாங்கிக்கொள்ளாததை எந்தக் கம்ப்யூட்டரும் திருப்பித் தர முடியாது. அதோடு அந்தத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவையும் அல்ல. வேகம் தவறினால் சுருதி தவறும். சுருதி தவறிய தட்டை 96,000 முறை அளந்தால், தவறு வெகு துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவே. நல்ல தட்டு, பொருத்தமான ஊசி, சரியான வேகம், காது உள்ள ஒரு மனிதர் ஆகிய நான்கும்தான் பழம்பதிவின் உயிர். விளம்பரத்தில் இந்த நான்கும் இல்லை.

நண்பரின் பேரன் கல்லூரி மாணவன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் அந்தப் பதிவைப் படமாகப் போட்டுக் காட்டினான். 22,000 வரையில் ஊசியின் இரைச்சல் மழையாகப் பெய்கிறது. அதற்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே கறுப்பு. நேரே தட்டிலிருந்து எடுத்திருந்தால் இரைச்சலாவது மேலே போயிருக்கும். யாரோ பழைய குறுந்தட்டிலிருந்து எடுத்துப் பெரிய எண்ணில் கட்டி விற்றிருக்கிறார்கள். இரைச்சல்கூட இரவல்!

"மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு படி சோளம் வாங்கியிருப்பீர்களா?" என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லவில்லை. சாக்கு பெரிதானால் சோளம் பெருகாது என்பதை அவருக்கு நான் சொல்லவா வேண்டும்?

இதைக் கள்ளக் கடைக்காரரின் குற்றம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 2014-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலின் சங்கங்கள் கூடி வகுத்த 'உயர்தர ஒலி' இலக்கணத்திலேயே, குறுந்தட்டு மூலத்திலிருந்து எடுத்ததற்கும் ஒரு வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். வகுப்பைச் சொல்லி விற்றால் தவறில்லை. சொல்பவர் யார்?

இந்தச் சீமையிலேயே உடையார்பாளையம் சமஸ்தானத்தில் கனம் கிருஷ்ணையர் இருந்தார். எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மறைந்தவர். அவர் குரலுக்கு ஒரு பிட்டும் இல்லை. ஆனாலும் அவருடைய பைரவி ராகப் பதம் 'வேலவரே' இன்றும் பாடப்படுகிறது. வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு வந்தது. பதம் பாடுகிறவரை நம் பெரியவர்கள், "எந்தப் பாடாந்தரம்?" என்று கேட்பார்கள். குரல் எவ்வளவு பெரிது என்று கேட்கமாட்டார்கள்.

பதிவு வாங்கும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எந்தத் தட்டு, யார் எடுத்தது, எப்போது எடுத்தது? இதற்குப் பதில் சொல்லும் கடைக்காரருக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கலாம். எண்ணை மட்டும் சொல்பவருக்குச் சாக்கின் விலை போதும்.