அவதாரமும் அநுமானமும்

தசாவதாரத்தைப் பரிணாமக் கொள்கையோடு பொருத்திக் காட்டும் வழக்கம் உபந்யாஸ மேடைகளில் வேரூன்றிவிட்டது. மீன் நீர்வாழ் உயிர், ஆமை நீருக்கும் நிலத்துக்கும் பொது, வராகம் நிலவிலங்கு, நரசிங்கம் பாதி மனிதன் என்று அடுக்கியவுடன் கரகோஷம் எழுகிறது. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். 1877இல் பிளாவட்ஸ்கி அம்மையார் இவ்வொப்புமையை எழுதினார். பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களில் இதற்கு இடமில்லை.

இடமில்லாதது விஞ்ஞானம் அறியாமையால் மட்டும் அன்று. கீதாபாஷ்யத்தின் நான்காம் அத்யாயத்தில் எம்பெருமானார் காட்டும் அவதாரம், ஈச்வரத் தன்மை சிறிதும் குறையாமல், கர்மவசத்தால் அன்றித் தன் இச்சையாலே, அப்ராக்ருதத் திருமேனியோடு வந்து பிறப்பது. மீனாய் வந்தபோதும் அவன் பூர்ணனே. படிப்படியாகத் தேறினான் என்றால் மத்ஸ்யமூர்த்தி குறையுள்ளவன் ஆகிறான். வரிசையும் ஒத்துவருவதில்லை. பரசுராமனும் இராமபிரானும் நேருக்கு நேர் எதிர்ப்பட்டவர்கள். பலராமனும் கண்ணனும் உடன்பிறந்தவர்கள். திருமங்கையாழ்வார் பாடிய அன்னமும் பரிமுகனும் எந்தப் படியில் நிற்பார்கள்? பரிணாமமும் ஏணி அன்று என்பதால், இவ்வொப்புமை டார்வினுக்கும் அநியாயமே.

இதைவிடக் கவலைக்குரியது, உயிரணுவின் நுட்பத்தைக் காட்டி, இதற்கொரு கர்த்தா வேண்டாவோ என்று ஈச்வரனை நிலைநாட்ட முயல்வது. சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் கண்டித்தது இவ்வகை அநுமானத்தையே. உலகம் கார்யம், ஆகவே குடத்துக்குக் குயவன்போல ஒரு கர்த்தா உண்டு என்பது நையாயிகர் வாதம். குயவனைக் கொண்டு அநுமானித்தால் கிடைப்பவன் உடலும் கர்மமும் உடைய ஒருவனே என்பது ஸ்ரீபாஷ்யகாரர் விடை. உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆயிற்று என்று துணியவும் வழியில்லை. கோபுரத்தையும் தேரையும் பலர் கூடிச் செய்வதன்றோ வழக்கம்! ப்ரஹ்மத்துக்கு சாஸ்த்ரமே ப்ரமாணம். பல நூற்றாண்டுகளுக்குமுன் விலக்கப்பட்ட வாதத்தை இன்று பக்திக்கு அரணாக நிறுத்துபவர், ஆய்வுகூடத்தின் அடுத்த முடிவுக்கு ஈச்வரனைப் பணயம் வைக்கிறார்.

சாஸ்த்ரமும் ப்ரத்யக்ஷமும் விஷயபேதத்தால் முரணா என்பதும் பாஷ்யத்தின் துணிவு. ஆகவே கண்ணுக்கும் கருவிக்கும் எட்டுவதை விஞ்ஞானத்திடம் விடுவதில் வைஷ்ணவனுக்கு நஷ்டமில்லை. ஆயினும் ஒரு கடினம் எஞ்சுகிறது. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் இரண்டாம் அம்சம் விவரிக்கும் மேருவும் ஏழு தீவுகளும் இன்று ப்ரத்யக்ஷத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. அங்கே தாத்பர்யம் பூமியின் அளவிலா, அனைத்தும் அவனுக்குச் சரீரம் என்பதிலா என்று விசாரித்தே ஆகவேண்டும். அவ்விசாரத்தைத் தவிர்த்துக் கரகோஷத்தை நாடும் உபந்யாஸகரிடம், மறுநாள் பள்ளியில் பூகோளம் படிக்கும் சிறுவனுக்குச் சொல்ல விடை இருப்பதில்லை.