காட்டிக்கொடுக்காத டாம்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எந்தப் பழைய நாவலைக் கொடுக்கலாம் என்று கேட்டால், ஆங்கில நாவல்களில் ஊறியவர்கள் பலர் விடுதிப் பள்ளிக் கதைகளைத்தான் கைகாட்டுவார்கள். நியாயம்தான். பெற்றோர் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். நட்பு, பொறாமை, அவமானம் எதுவானாலும் பிள்ளைகளே சமாளித்தாக வேண்டும். அந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

ஆனால் களத்தைப் பார்ப்பவர்கள், கதை எதற்குத் தலையாட்டுகிறது என்று பார்ப்பதில்லை. இவ்வகைக்கு வழிவகுத்த தாமஸ் ஹியூஸின் 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' (1857) நாவலையே எடுத்துக்கொள்வோம். ரக்பி பள்ளியில் பெரிய பையன் பிளாஷ்மேன், டாமைக் கணப்பு நெருப்பின் முன் நிறுத்தி வாட்டுகிறான். தீக்காயத்தோடு கிடக்கும் டாம் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. கதை அதை நெஞ்சுறுதியாகவே மதிக்கிறது. பிளாஷ்மேன் பிற்பாடு பள்ளியை விட்டு அனுப்பப்படுவதும் இந்தக் கொடுமைக்காக அல்ல, குடித்துவிட்டு மாட்டிக்கொண்டதற்காக! சக மாணவர்களிடம் அன்றாடம் வதைபடும் பிள்ளையிடம் இதைக் 'குணம் வளர்க்கும் நூல்' என்று நீட்டுபவர், வாயை மூடிக்கொண்டு தாங்கு என்று சேர்த்தே சொல்கிறார்.

எனிட் பிளைட்டனின் 'மேலரி டவர்ஸ்' வரிசையில் (1946–51) இத்தனை கொடூரம் இல்லை. நள்ளிரவு விருந்துக்காகவே அதைப் படிக்கலாம். ஆனாலும் அங்கு படிக்கும் க்வென்டலினைப் பார்த்துத் தோழிகள் நகைக்கும்போது நாமும் சேர்ந்து நகைக்கிறோம். அதுதான் உறுத்துகிறது.

என் தேர்வு, ஹியூஸுக்குப் பத்தாண்டு முன்பே வந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847). அதன் லோவுட் பள்ளிக்கு மாதிரி, சார்லட் படித்த கவன் பிரிட்ஜ் பள்ளி. அங்கே நோயுற்ற அவருடைய அக்காமார் இருவர் 1825இல் இறந்தார்கள். நாவலில், எதையும் பொறுத்துக்கொள்ளும் தோழி ஹெலனோடு ஜேன் வாதாடுகிறாள். பொய்க்காரி என்று பழி சுமத்தப்பட்டதும் ஆசிரியை மிஸ் டெம்பிளிடம் நடந்ததைச் சொல்கிறாள். அவர் விசாரித்து, எல்லார் முன்னும் பழியைத் துடைக்கிறார். நாவல் பெரியது, பள்ளிப் பகுதியை மட்டும் பன்னிரண்டு வயதில் படித்தால் போதும். முழுமைவாதிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஜான் நோல்ஸின் 'எ செப்பரேட் பீஸ்' (1959) பதினைந்துக்கு மேல்தான். விடுதிப் பள்ளி மாணவன் ஜீன் மரக்கிளையை ஆட்டுகிறான், உயிர்த்தோழன் விழுகிறான். வேண்டுமென்றேதானா என்பது அவனுக்கே தெளிவில்லை. அமெரிக்க வகுப்பறைகள் பல இதைப் பாடமாக்கி, மரம் எதன் குறியீடு என்று கேட்கின்றன. ஜீனின் பொறாமையைப் பற்றியல்லவா அங்கே பேச வேண்டும்?