கட்சியைவிட ஆள்: புதுச்சேரி அரசியலின் பலமும் பலவீனமும்

புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுப்போர் 30 பேர். மொத்த வாக்காளர் ஏறத்தாழ 10 லட்சம் என்பதால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33,000 பேர்தான். தமிழ்நாட்டுத் தொகுதி ஒன்றில் இதைப் போல எட்டு மடங்கு இருப்பார்கள். இந்த அளவில் வேட்பாளர் தெரிந்த முகமாகிவிடுகிறார். காதணி விழா, துக்க வீடு, மருத்துவமனைச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ் என எதிலும் அவர் கூட நிற்க வேண்டும். நிற்காதவர் அடுத்த தேர்தலில் நிற்பது கடினம்.

இந்தப் பழக்கம் பிரெஞ்சுக் காலத்திலேயே வேர்விட்டது. 1947இல் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கிய எதுவார் குபேர், பிரான்ஸ் ஆதரவாளராகப் பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தினார். 1954இல் அவர் இந்திய இணைப்பின் பக்கம் வந்தார். செல்வாக்கும் அவருடனேயே வந்தது. 1963இல் காங்கிரஸ் சார்பில் முதல் முதலமைச்சரும் ஆனார். கொள்கை வழி அரசியல் அங்கே இல்லாமலும் இல்லை. இடதுசாரித் தலைவர் வ. சுப்பையா வழிநடத்திய பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்டு மணி நேர வேலை உரிமையை அந்தப் போராட்டம் தந்தது. ஆனால் அந்த அரசியலைத் தாங்கியவை ஆலைகள். அவை நலிந்தபோது இடதுசாரிகளின் தளமும் சுருங்கியது.

ஆள் சார்ந்த அரசியலின் நன்மைகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உறுப்பினரை நேரில் பார்ப்பதற்குச் சிபாரிசு தேவையில்லை. தவறினால் தெருவிலேயே கேள்வி வரும். ஆந்திரத்துக்குள் ஒரே தொகுதியாகத் தனித்துக் கிடக்கும் ஏனாம், 1996 முதல் 2016 வரை மல்லாடி கிருஷ்ணாராவையே தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. முதலில் அவர் சுயேச்சை, பின்னர் காங்கிரஸ். ஊர் பார்த்தது அவரைத்தான். தெலுங்கு பேசும் ஒரு சிற்றூரின் குரல் அமைச்சரவை வரை எட்ட இதுவே வழியானது. 2021இல் அங்கு போட்டியிட்ட முன்னாள் முதலமைச்சர் என். ரங்கசாமியே உள்ளூர்ச் சுயேச்சை ஒருவரிடம் தோற்றார் என்பதால், இந்த உள்ளூர்ப் பிடிப்பைப் பெரிய பெயர்களாலும் அசைக்க முடியாது என்று தெரிகிறது. கேரளம் சூழ்ந்த மாஹே மட்டும் விதிவிலக்கு: அங்கே கட்சி அடையாளமே இன்னும் வலுவாக நிற்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாக்கு கட்சிக்குச் சொந்தமில்லை என்றால், அதை வைத்திருப்பவர் கட்சிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2008இல் முதலமைச்சர் பதவியை இழந்த ரங்கசாமி, 2011 பிப்ரவரியில் என்.ஆர். காங்கிரஸைத் தொடங்கினார். அடுத்த சில மாதங்களிலேயே அது 15 இடங்களை வென்றது. கூட்டணித் துணையான அ.தி.மு.க.வை ஒதுக்கிவிட்டு, சுயேச்சை ஒருவரின் ஆதரவோடு ஆட்சி அமைத்தார். 2021 பிப்ரவரியில் காங்கிரஸ் முதலமைச்சர் வே. நாராயணசாமியின் அரசு கவிழ்ந்ததும் இதே கணக்கில்தான்: ஆளும் கூட்டணியில் ஆறு பேர் பதவி விலகினார்கள். விலகிய காங்கிரஸ்காரர்களில் சிலர் பா.ஜ.க., என்.ஆர். காங்கிரஸ் சின்னங்களில் நின்று மீண்டும் வென்றார்கள். 2016இல் ஓரிடமும் வெல்லாத பா.ஜ.க. 2021இல் ஆறு இடங்களைப் பிடித்தது. ஐந்தாண்டில் ஊர் முழுதும் சித்தாந்தம் மாறிவிட்டதாக இதற்குப் பொருள் கொள்வது பிழை. கட்சித்தாவல் தடைச் சட்டம் தாவியவரைப் பதவியிழக்கச் செய்யும். சொந்த வாக்கு உள்ளவருக்கு அந்தத் தண்டனை உறைப்பதில்லை. முப்பது பேர் அவையில், நியமன உறுப்பினர் மூவருக்கும் வாக்கு இருக்கும்போது, நான்கைந்து பேரே ஆட்சியைத் தீர்மானிக்கிறார்கள்.

இதன் விலையைத் தனி ஆள் தர முடியாத பொருள்களில் ஊர் கொடுக்கிறது. உதவித்தொகையைத் தனி உறுப்பினர் வாங்கித் தரலாம். மூடிக்கொண்டுவரும் ஆலையைக் காப்பாற்ற அவரால் ஆகாது. மாநில அந்தஸ்து கேட்டுப் பேரவை பலமுறை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் தில்லியோடு இழுபறிக்கு நிற்கக்கூடிய கட்டுக்கோப்பான அமைப்பு எதுவும் அதன் பின்னால் திரளவில்லை.

உள்ளாட்சி இதைவிட வெளிப்படையான சான்று. தெருவிளக்கும் குடிநீரும் நகராட்சிக்குப் போய்விட்டால் சட்டமன்ற உறுப்பினரிடம் மக்கள் போக வேண்டிய காரணங்களில் பாதி போய்விடும். எந்தக் கட்சி ஆண்டாலும் அங்கே உள்ளாட்சித் தேர்தலில் அவசரம் காட்டாததற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. 1968இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாக அடுத்த தேர்தல் வரவில்லை.